அத்தையும் நூற்றிருபது வோல்ட்டும்

புதுச்சேரியில் ஃபாரின் என்றால் ஒரே ஒரு நாடுதான். "அவங்க பையன் ஃபாரின்ல இருக்கான்" என்று யாராவது சொன்னால் எந்த நாடு என்று நாங்கள் கேட்பதில்லை. ஃபிரான்ஸ்தான், வேறென்ன? வேறு நாட்டுக்குப் போனவர்களை மட்டும் நாட்டின் பெயரோடு சொல்வோம், பாவம், வழி தவறிப் போய்விட்டார்கள் என்கிற தொனியில். என் தம்பி அப்படி வழி தவறி அமெரிக்கா போனவன்.

நான் பதினெட்டு வருடமாக ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் டிக்கெட் போடுகிறேன். என் மேஜைக்கு வருகிறவர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். எத்தனை கிலோ விடுவான்? கருவாடு எடுத்துக்கொண்டு போகலாமா? நம்ம மிக்ஸி அங்கே ஓடுமா? முதல் இரண்டுக்கும் கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். மூன்றாவதற்கு எதையும் பார்க்க வேண்டியதில்லை. "நம்ம கரண்டும் அவங்க கரண்டும் ஒண்ணுதாம்மா. இருநூத்தி முப்பது வோல்ட்டு. பிளக்குதான் வேற" என்பேன். அங்கே சுவரில் இருக்கிற பிளக் பாயின்ட்டிலேயே ஒரு கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நம்முடைய மூன்று முள் பிளக்கிலும் மேலே ஒரு தடியன் இருக்கிறான். இரண்டு தடியன்களும் முட்டிக்கொண்டு நின்றால் எப்படி உள்ளே போகும்? நடுவில் தரகர் மாதிரி ஓர் அடாப்டர் வேண்டும், அவ்வளவுதான். இதை நான் கையை ஆட்டி ஆட்டி விளக்குவதைக் கேட்கவே சிலர் டிக்கெட் எடுத்த பிறகும் உட்கார்ந்திருப்பார்கள்.

என் அக்கா இருப்பதும் பாரிஸ் பக்கம்தான். அவள் ஒவ்வொரு முறை வரும்போதும் விட்டுப்போன அடாப்டர்கள், வாடிக்கையாளர்கள் கொண்டுவந்து கொடுத்தவை, எங்கிருந்து வந்ததென்றே தெரியாதவை எல்லாம் சேர்ந்து என் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. தெருவில் யார் பெட்டி கட்டினாலும் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அக்கா அங்கிருந்து கொண்டுவந்த காபி மெஷின், இஸ்திரிப் பெட்டி, தலை காய வைக்கிற மெஷின் எல்லாமே என் வீட்டில் அடாப்டர் மாட்டியதும் மறுபேச்சுப் பேசாமல் ஓடியிருக்கின்றன. பிளக் விஷயத்தில் நான் சொன்னால் மின்துறையே சொன்ன மாதிரி என்று எனக்கு ஒரு நினைப்பு. கொஞ்ச நஞ்ச நினைப்பு இல்லை, மண்டை கனக்கிற அளவுக்கு.

இப்படிப்பட்ட என் வீட்டுக்குத்தான் தம்பி தன் மனைவியையும் எட்டு மாதப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தான். எனக்கு இரண்டும் பையன்கள், வேலைக்கென்று ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். அக்காவுக்கும் பையன்கள்தான். எங்கள் வீட்டில் பிறந்த முதல் பெண் குழந்தை இவள். எட்டு மாதமாகப் போனில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு நாள் தங்குவார்கள் என்றதும் பன்னிரண்டு நாளும் லீவு போட்டேன். கொசுவலை வாங்கினேன், கதவுக்கெல்லாம் எண்ணெய் விட்டேன், கூடத்துக் கொக்கியில் புடவைத் தொட்டில் கட்டினேன். வாசலில் கார் வந்து நின்றபோது செருப்புப் போடாமல் தெருவில் ஓடினேன். என் கணவர் பின்னாலேயே செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

தம்பி மனைவி சென்னைப் பெண், ஆனால் பத்து வருடமாக அமெரிக்கா. நல்ல பெண், மரியாதையான பெண். தொட்டிலைப் பார்த்ததும் முகம் மட்டும் கொஞ்சம் மாறியது. "அண்ணி, டாக்டர் தட்டையாத்தான் படுக்க வைக்கணும்னு சொல்லியிருக்காங்க" என்றாள். சரி என்று தொட்டிலைச் சுருட்டி மேலே போட்டேன். பிறகு ஒரு தாளை எடுத்து என் ஃபிரிட்ஜில் ஒட்டினாள். குழந்தை எத்தனை மணிக்குச் சாப்பிடும், எத்தனை மணிக்குத் தூங்கும் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தது. என் டிக்கெட்டுகளில்கூட அவ்வளவு துல்லியமாக நேரம் இருக்காது.

கடைசியாகப் பையிலிருந்து வெள்ளையாக, கவிழ்த்த கிண்ணம் போல ஒரு பொருளை எடுத்து வைத்தாள். உள்ளே நிஜமாகவே ஒரு குட்டிக் காற்றாடி சுற்றுமாம். காற்றெல்லாம் வராது, வெறும் சத்தம்தான், சர்ரென்று ஒரே சீராக. "பொறந்ததுலேருந்து இந்தச் சத்தத்துலதான் தூங்குறா. இது இல்லன்னா தூங்கவே மாட்டா. அவர் மார்க்கெட்லேருந்து வந்ததும் கன்வர்ட்டரத் தேடி எடுத்துப் போடட்டும், நான் குளிச்சுட்டு வந்துடுறேன்" என்றாள். தம்பி வந்து இறங்கி அரை மணிக்குள் என் கணவரோடு பெரிய மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டிருந்தான். வஞ்சிரம் என்று இரண்டு வருடமாகப் போனில் புலம்பியவனை யார் பிடித்து வைப்பது?

அவள் குளியலறைக் கதவைச் சாத்தினாள். குழந்தை என்னைப் பார்த்தது, உதட்டைப் பிதுக்கியது, அழ ஆரம்பித்தது.

கன்வர்ட்டராவது கத்தரிக்காயாவது! தூக்கத்துக்கு ஏங்கி ஒரு குழந்தை அழுகிறது, அத்தை என்று ஒருத்தி எதற்கு இருக்கிறேன்? டின்னைக் கவிழ்த்தேன். அமெரிக்க பிளக்கின் முள் தட்டையாக இரண்டு தகடு, அதிலும் ஒன்று கொஞ்சம் அகலம். என் டின்னில் அதற்கும் ஓர் அடாப்டர் இருந்தது. எனக்கு ஒரே பெருமை. மாட்டினேன், சுவரில் செருகினேன், சுவிட்சைப் போட்டேன்.

சத்தம் வந்தது. வந்ததென்றால் சாதாரணமாகவா? தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் போட் கிளம்புகிற மாதிரி வந்தது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தபடி பார்த்தது. பார்த்தாயா, அத்தை போட்டால் எப்படி ஓடுகிறது என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பத்து விநாடி நான் உலகத்திலேயே சிறந்த அத்தை. பிறகு கருகல் வாடை. கிண்ணத்தின் ஓட்டைகளிலிருந்து ஊதுபத்திப் புகை மாதிரி மெல்லியதாக ஒன்று சுருண்டு வந்தது. டப்பென்று ஒரு சத்தம், வீட்டில் கரண்ட் மொத்தமும் போயிற்று. குளியலறைக்குள்ளிருந்து, "அண்ணி, லைட்டு போயிடுச்சு!" என்று குரல் வந்தது.

அப்போதுதான் அந்தக் கிண்ணத்தைத் திருப்பி அடியில் பார்த்தேன். எறும்பு எழுத்தில் அச்சடித்திருந்தது, நூற்றிருபது வோல்ட். அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு வோல்ட் கிடையாது. பதினெட்டு வருடமாக ஊருக்கே பாடம் நடத்தியவள், ஒரு பொருளைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஃபாரின் என்றால் ஃபிரான்ஸ், ஃபிரான்ஸ் என்றால் நம்ம கரண்ட். புதுச்சேரிக்காரியைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது.

என் கணவர் வந்து, விழுந்திருந்த மெயின் சுவிட்சைத் தூக்கிவிட, கரண்ட் வந்தது. பின்னாலேயே தம்பி மீன் பையோடு வந்தான். பார்த்தான். பெட்டியைக் குடைந்து செங்கல் கனத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தான். அதுதான் கன்வர்ட்டராம், நம்ம கரண்டைப் பாதியாகக் குறைத்துக் கொடுப்பதாம். செத்துப்போன கிண்ணத்துக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு, "அக்கா, இத நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றான். வேறு நேரமாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அன்று மீன் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

தம்பி மனைவி சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஈரத் தலையோடு உட்கார்ந்து போனில் எதையோ தேடினாள். ஊரில் அந்தக் கிண்ணம் எங்கும் கிடைக்காது என்று தெரிந்தது. போனிலேயே மழைச் சத்தம், கடல் சத்தம், ஃபேன் சத்தம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு தினுசாக அழுதது. கடைசியில், "அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க. பீச் பக்கம் ஒரு ஹோட்டல்ல ரூம் இருக்கு. அமைதியா இருக்கும், ஏசி சத்தமும் இருக்கும். மத்தியானம் தூங்குறாளான்னு பாப்போம். தூங்கலன்னா சாயந்திரம் அங்க போயிடுறோம். பகல்ல இங்க வந்துட்டுப் போறோம்" என்றாள். இரண்டு நாள் பயணத்தில் அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவள்மேல் எனக்குக் கோபம் வரவே இல்லை. எல்லாக் கோபமும் என்மேல்தான்.

வந்துவிட்டுப் போவதற்கு நான் என்ன மியூசியமா வைத்திருக்கிறேன்? காலையில் கண் விழித்ததும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும், அதற்குத்தான் எட்டு மாதம் காத்திருந்தேன். மத்தியானத்துக்குள் குழந்தையைத் தூங்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் போச்சு.

என் வீட்டில் ஓடுகிற அத்தனையையும் ஓட விட்டேன். டேபிள் ஃபேனைப் போட்டால் அதன் தலை திரும்பும் பக்கமெல்லாம் குழந்தையும் தலையைத் திருப்பி வேடிக்கை பார்த்தது. மிக்ஸி போட்டேன், வீறிட்டது. குக்கர் வைத்தேன், முதல் விசிலில் துள்ளி விழுந்தது. தண்ணி மோட்டார் போட்டபோது கண் சொருகியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நாலே நிமிஷம். மாடித் தொட்டி நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டுத் துணியெல்லாம் நனைய, அந்த வீட்டம்மா, "யாருங்க அது மோட்டாரு? ஆஃப் பண்ணுங்க!" என்று கத்திய கத்தலில் குழந்தை மட்டுமல்ல, தூங்கிக்கொண்டிருந்த தெருவே எழுந்துவிட்டது.

மணி ஒன்று. தம்பி பெட்டியின் ஜிப்பை மறுபடி இழுத்து மூடிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாமல் சமையலறைக்குள் போய்விட்டேன். காலையில் ஊறப்போட்ட அரிசி அப்படியே இருந்தது. யாருக்கு இட்லி, எதற்கு இட்லி? ஆனாலும் ஊறின அரிசியை வீணடிக்கிற பழக்கம் எனக்கில்லை. கிரைண்டரில் கொட்டிப் போட்டேன். கல் உருண்டது. மாவைக் கையால் ஒதுக்கிவிட்டபடி என்னை நானே திட்ட ஆரம்பித்தேன். கிரைண்டர் சத்தத்துக்கு மேலே திட்ட வேண்டுமென்றால் உரக்கத்தான் திட்ட வேண்டும். "பெரிய பிளக் மகாராணி! அடியில திருப்பிப் பாத்தா கை தேஞ்சா போயிடும்? எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஊருக்கெல்லாம் சொல்றது, வீட்டுக்கு வந்த கொழந்தைக்கு இப்புடிப் பண்றது!" கண்ணில் தண்ணி வந்தது. மாவுக் கையால் துடைத்ததில் அது வேறு எரிந்தது.

கூடத்தில் ஒரு சத்தத்தையும் காணோம். கிளம்பியே போய்விட்டார்களோ என்று கிரைண்டரை நிறுத்தி எட்டிப் பார்த்தேன். நிறுத்தியதுதான் தாமதம், குழந்தை வீறிட்டது. தம்பி மனைவி கையை வீசினாள். "அண்ணி, போடுங்க! போடுங்க! தூங்கிட்டிருந்தா!" ஓடிப்போய்ப் போட்டேன். அழுகை நின்றது. நம்பமுடியாமல் மறுபடி நிறுத்தினேன். அழுகை. போட்டேன். அமைதி. "விளையாடாதக்கா, கொன்னுடுவேன்!" என்று தம்பி பல்லைக் கடித்தான். அன்று மத்தியானம் என் குட்டி மருமகள் இரண்டு மணி நேரம் தூங்கினாள். ஹோட்டலைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் தனியாகச் சிரிக்கிறேன். ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளின்படி குழந்தை ஒரு நாளைக்கு மூன்று தடவை தூங்க வேண்டும், பகலில் இரண்டு, ராத்திரி ஒன்று. மூன்று தடவையும் கிரைண்டர் ஓட வேண்டும், ராத்திரி மட்டும் நன்றாக அசந்த பிறகு நிறுத்திவிடலாம். கல்லைக் காலியாக ஓட்டக்கூடாது, தேய்ந்துவிடும். ஆக, மூன்று வேளையும் எதையாவது அரைத்தே தீர வேண்டும். இட்லி மாவு அரைத்தேன். வடைக்கு அரைத்தேன், அடைக்கு அரைத்தேன், ஆப்பத்துக்கு அரைத்தேன். ஃபிரிட்ஜ் நிரம்பியது. தெரு முழுக்கத் தூக்குத் தூக்காகக் கொடுத்தேன். துணி நனைந்த பக்கத்து வீட்டம்மாவுக்கு முதல் தூக்கு, சமாதானத்துக்கு. தவளக்குப்பத்தில் இருக்கிற நாத்தனார் வீட்டுக்குப் பஸ்ஸில் மாவு போனது. என் கணவர் தேங்காய்த்திட்டில் ஐஸ் வியாபாரம் செய்கிறார். அவரிடம் தினமும் அண்டா நிறைய இட்லி கொடுத்து அனுப்பினேன், மீன் ஏலம் முடிந்து வருகிறவர்கள் சாப்பிடட்டும் என்று. ஐந்தாம் நாள் அவர், "இன்னா இது, ஊருக்கே ஹோட்டல் வெச்சுட்டியா? இன்னைக்காவது சப்பாத்தி போடு" என்றார். சப்பாத்திக்கு கிரைண்டர் ஓடாதே என்றேன். அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனார்.

கல் உருளும்போது நானும் சும்மா இருக்கவில்லை. இருக்கத் தெரியாது. தக்காளி விற்கிற விலையை, கறிவேப்பிலை கேட்டால் முறைக்கிற கடைக்காரரை, டிக்கெட் போட்ட மறுநாள் தேதியை மாற்றச் சொல்கிறவர்களை எல்லாம் கிரைண்டரோடு சேர்த்து அரைத்துக்கொண்டிருப்பேன். நடுநடுவே கூடத்தைப் பார்த்து, "தூங்கிட்டியாடி ராசாத்தி?" என்று ஒரு குரல் கொடுப்பேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் பாதித் தூக்கத்தில் கரண்ட் போயிற்று. கல் முக்கி முனகி நின்றது. குழந்தை கையைக் காலை அசைத்தது. எனக்கு என்ன தோன்றியதோ, வாயாலேயே கிரைண்டர் ஓட்ட ஆரம்பித்தேன். "டுர்ர்ர்ர்..." என்று மூச்சு முட்ட ஓட்டினேன். மூச்சு வாங்கும் இடைவெளியில், "போற நேரத்தப் பாரு, ஒரு கொழந்தை தூங்கினா பொறுக்காதே இந்தக் கரண்டுக்கு" என்று திட்டினேன், மறுபடி டுர்ர்ர். குழந்தை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. கரண்ட் வரும்வரை தூங்கியது. தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் வீட்டுக்கு வந்து அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் அமெரிக்காவுக்கென்றே செய்கிற கிரைண்டர் ஒன்றை வாங்கப் போனோம். கடைக்காரர் பெட்டியைப் பிரித்ததும் நான் அதைக் கவிழ்த்துப் போட்டுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அடியில் படித்தேன். நூற்றுப்பத்து வோல்ட். இன்னொரு தடவை படித்தேன். தம்பி மனைவியையும் படிக்கச் சொன்னேன். கடைக்காரர் பழக்க தோஷத்தில், "ஒரு நிமிஷம், போட்டுக் காட்டிடுறேம்மா" என்று பிளக்கைக் கையில் எடுத்தார். "கையை எடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் கடையில் இருந்த எல்லோரும் கையை எடுத்துவிட்டார்கள். ஓட்டிப் பார்க்காமலே வாங்கினோம். அதன் கனத்துக்காக நான் கட்டி வைத்திருந்த ஊறுகாய், கருவாடு, முறுக்கு எல்லாம் பெட்டியிலிருந்து வெளியே வந்தன. எத்தனை கிலோ விடுவான் என்று எனக்குத்தானே தெரியும்.

அவர்கள் போன பிறகு வீடு அமைதியாக இருந்தது. எனக்குப் பிடிக்கவே இல்லை. என் கணவர் மூன்று நாள் தொடர்ந்து சப்பாத்தி சாப்பிட்டார். ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளை நான் எடுக்கவில்லை. அதைப் பார்த்து, இப்போது அவள் தூங்குகிற நேரம், இப்போது சாப்பிடுகிற நேரம் என்று ஆபீஸில் உட்கார்ந்து மணியைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு காலை, ஆறு மணிக்குப் பால் அடுப்பில் இருக்கும்போது வீடியோ கால் வந்தது. அங்கே சாயந்திரம் தாண்டி, குழந்தை தூங்கும் நேரம். பின்னால் கிரைண்டர் ஓடுகிற சத்தமும் அதற்கு மேலே குழந்தை அழுகிற சத்தமும் கேட்டன. நான் பதறிப்போனேன். "வோல்ட்டேஜ் சரியாத்தானே இருக்கு? புகை ஏதாவது வருதா?" என்றேன்.

தம்பிதான் முதலில் பேசினான். "கிரைண்டர் நல்லா ஓடுதுக்கா. இங்க கரண்ட்டு அறுபது ஹெர்ட்ஸ், அங்க அம்பது. மோட்டார் சத்தம் கொஞ்சம் மாறும். அதான் அவ கண்டுபுடிச்சுடுறா போல" என்று இன்ஜினியர் கணக்கில் ஆரம்பித்தான். தம்பி மனைவி போனை அவன் கையிலிருந்து வாங்கினாள். குழந்தை அவள் தோளில் கிடந்து திமிறியது.

"ஹெர்ட்ஸும் இல்ல ஒண்ணும் இல்ல அண்ணி. ஒரு வாரமா மாவரைக்கிறேன், ஒரு நாள்கூடச் சரியா தூங்கல. இன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. இந்தக் கிரைண்டர்ல உங்க சத்தம் இல்ல. அன்னைக்கு கரண்ட்டு போனப்பவும் அவ உங்க பேச்சுலதான் தூங்கினா" என்றாள்.

வாய் பேசியே வாழ்கிறவள் நான், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "என்னத்தப் பேசுறதும்மா?" என்று கேட்டேன்.

"எதையாவது திட்டுங்க அண்ணி."

போனை உப்பு ஜாடிமேல் சாய்த்து வைத்தேன். திட்டுவதற்கா எனக்குச் சொல்லித் தர வேண்டும்? தக்காளியில் ஆரம்பித்தேன். கறிவேப்பிலைக் கடைக்காரரைத் திட்டினேன், சப்பாத்தி கேட்கிற மனிதரைத் திட்டினேன், பெண்ணைப் பெற்றுக்கொண்டு இத்தனை தூரத்தில் போய் உட்கார்ந்திருக்கிற தம்பியைத் தனியாக நிறுத்தி வைத்துத் திட்டினேன். குழந்தை அழுகையை நிறுத்தி போன் இருக்கும் பக்கம் திரும்பியது. கண் தேடியது. "தூங்கிட்டியாடி ராசாத்தி?" என்றேன். தலை மெல்ல அம்மா தோளில் சாய்ந்தது. அந்தப் பக்கம் கல் உருண்டுகொண்டே இருந்தது.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் குழந்தை மட்டுமல்ல, தம்பி மனைவியும் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தாள், வாய் லேசாகத் திறந்திருந்தது. போனை வைக்க மறந்துவிட்டாள். நானும் வைக்கவில்லை. குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு, அடுத்ததாக முட்டைக்கோஸ் விலையைத் திட்ட ஆரம்பித்தேன்.